கட்டட சைட்டில் பாதுகாப்புச் சோதனை: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் நடக்கும் வேலை அதிகமும் தரைத்தளமும் அதற்கு மேல் ஒன்றிரண்டு மாடியும்தான். இந்த மாதிரி சைட்டில் பாதுகாப்புக்கென்று தனி ஆள் இருக்கமாட்டார். இன்ஜினியரோ சூப்பர்வைசரோ பார்க்க வேண்டும், சில இடத்தில் வீட்டுக்காரரே பார்க்க வேண்டும். அவர்களுக்காக எழுதியது இது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதனை போடுவது?

தினமும். வேலை தொடங்கும் முன் 20 நிமிடம் போதும். வாரத்துக்கு ஒருநாள் நீளமான பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிப்பதைவிட இதுதான் உயிரைக் காப்பாற்றும்.

காரணம் எளிமையானது. சாரமோ (உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் கம்புக் கட்டு) முட்டோ (கான்கிரீட் இறுகும்வரை தளத்தை அடியிலிருந்து தாங்கும் கால்) கட்டிய அன்று பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் யாரோ ஒருவர் தன் கைக்கு இடைஞ்சல் என்று ஒரு குறுக்குக் கம்பை அவிழ்த்திருப்பார். பிளம்பர் பைப் இறக்க ஓட்டை மூடியை நகர்த்தியிருப்பார். ஜேசிபி திரும்பும்போது சாரக்காலை இடித்துவிட்டுப் போயிருக்கும். ஆகவே "எல்லாம் சரியாக இருக்கிறதா" என்று பார்த்தால் கண்ணில் ஒன்றும் படாது. "நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவில் என்ன மாறியது" என்று பாருங்கள்.

இதுபோக நான்கு சமயங்களில் தனியாக ஒரு சுற்று வேண்டும்: மழை விட்டதும், தளம் போடுவதற்கு முன், பொங்கல் தீபாவளி விடுமுறை கழித்து வேலை தொடங்கும்போது, புது ஆட்கள் செட்டாக வந்து இறங்கும் நாளில்.

எந்த வரிசையில் நடப்பது? கையில் என்ன வேண்டும்?

தெருவிலிருந்து தொடங்குங்கள். முதலில் தலைக்கு மேலே மின்கம்பி, அடுத்து குழியும் மண் குவியலும், பிறகு தரைத்தளத்தில் முட்டுகளின் அடிப்பாகம், அதன்பின் ஒவ்வொரு தளமாக மேலே. ஏறிய வழியிலேயே இறங்காதீர்கள். சாரத்தின் பின்பக்கமும் படிக்கட்டுக் கூண்டும் அப்போதுதான் கண்ணில் படும்.

5 மீட்டர் டேப், டார்ச், சின்னச் சுத்தி, டெஸ்டர், சாக்பீஸ், போன் இருந்தால் போதும். சுத்தி முட்டுகளைத் தட்டிப் பார்க்க. பாரம் ஏறிய முட்டு தட்டினால் அசையாது, இறுக்கமாகச் சத்தம் வரும். சும்மா நிற்கும் முட்டு ஆடும். அதன் பங்குப் பாரத்தைப் பக்கத்து முட்டு சுமக்கிறது என்று பொருள்.

கடக்கால் (அஸ்திவாரக்) குழி எவ்வளவு ஆழம் வரை சும்மா தோண்டலாம்?

1.5 மீட்டர், அதாவது ஐந்தடி. அதற்கு மேல் போனால் பக்கச் சுவரைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் அளவும் இதுதான். மணல் கலந்த மண்ணில் 1.5 மீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

நம் ஊரில் மண் தெருவுக்குத் தெரு மாறும். மலையடிவாரப் பக்கம் மொரம்பும் (சரளை மண்) பாறையும் சீக்கிரமே தட்டும். பாலாற்றங்கரை ஓரம் மணல். ஆட்களை ஏமாற்றுவது இந்த மணல்தான். காலையில் தோண்டும்போது ஈரம் இருக்கும், சுவர் செங்குத்தாக, கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். "பாருங்க சார், கல்லு மாதிரி நிக்குது" என்பார்கள். மணல் துகள்களை அப்போது பிடித்துவைத்திருப்பது அந்த ஈரம் மட்டுமே. மதியம் இரண்டு மணி வெயிலில் முகப்பு காய்ந்ததும் பிடிப்பு போய்விடும், அடியிலிருந்து உதிரத் தொடங்கும். அதே மணலில் மழைநீர் நிறைந்தாலும் பிடிப்பு இருக்காது. ஆகவே மணலில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம் என்று சரித்து வெட்டுங்கள். இடமில்லை என்றால் பலகை முட்டுதான், வேறு வழி கிடையாது.

குழி விளிம்புக்கு இணையாக, அரை மீட்டர் ஒரு மீட்டர் தள்ளித் தரையில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று தினமும் குனிந்து பாருங்கள். ஓடினால் ஆட்களை உடனே மேலே ஏற்றிவிட வேண்டும். அந்தத் துண்டு ஏற்கெனவே கழன்றுவிட்டது, விழும் நேரம்தான் பாக்கி.

தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பது அடுத்த தவறு. 1.5 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். குழி 3 மீட்டரைத் தாண்டினால் ஆழத்தில் பாதியளவு தள்ள வேண்டும். ஜல்லி லாரியும் அந்த ஓரத்தில் பின்னோக்கி வரக்கூடாது. ஒரு கனமீட்டர் மண் சுமார் 1.7 டன், ஒரு கார் எடைக்கு மேல். மார்பு வரை புதைந்த ஆளின் தலை வெளியே இருந்தாலும் நெஞ்சு விரிய இடமிருக்காது, சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். அந்த நேரத்தில் ஜேசிபி வாளியை விட்டுத் தோண்டாதீர்கள். மண்வெட்டியும் கையும்தான்.

ஏணி 15 மீட்டருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும், விளிம்புக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டி நிற்க வேண்டும். நாலு மீட்டர் உயரம் ஏறும் ஏணிக்கு அடி ஒரு மீட்டர் தள்ளி நிற்பது கணக்கு.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்ட வேண்டியிருக்கிறது. என்ன பார்ப்பது?

வேலூரின் பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். சுண்ணாம்புச் சாந்து, சில இடங்களில் வெறும் மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர்கள். அவற்றின் கடக்கால் இரண்டு மூன்று அடிக்கு மேல் இருக்காது. நீங்கள் ஐந்தடி தோண்டினால் அந்தச் சுவருக்கு அடியில் ஒன்றும் இல்லை.

முதலில் ஒரே ஒரு இடத்தில் கைமண்வெட்டியால் சோதனைக் குழி போட்டு, அவர்கள் கடக்கால் எங்கே முடிகிறது என்று பாருங்கள். உங்கள் குழி அதற்குக் கீழே போகும் என்றால் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்கக்கூடாது. ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகியபின் நடுத்துண்டுக்கு வர வேண்டும். சுவரின் விரிசல்களில் சிமெண்ட் பொட்டு வைத்துத் தேதி எழுதுங்கள். பொட்டு பிளந்தால் சுவர் நகர்கிறது. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். ஊறிய பழைய சுவர் முன்னறிவிப்பு தராது.

சவுக்குக் கம்புச் சாரம் பாதுகாப்பானதா? இரும்புதான் வேண்டுமா?

நன்றாகக் கட்டிய சவுக்கு, அரைகுறையாக நிறுத்திய இரும்பைவிட மேல். இரண்டு மூன்று தளம் வரை அதில் தவறில்லை. அதற்கு மேல் இரும்புக்கு மாறுவது நல்லது.

சவுக்கில் பார்க்க வேண்டியது முடிச்சு. கயிறு மழையில் நனைந்தால் இறுகும், காயும்போது தளரும். ஐப்பசி மழை விட்டு இரண்டாம் நாள் வெயிலில்தான் முடிச்சுகளைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பின் அடி மண்ணில் ஊன்றியிருந்தால் தரை மட்டத்தில் நகத்தால் கீறுங்கள். பொடியாக வந்தால் உளுத்துவிட்டது. ஒட்டுப்போட்ட கம்புகள் ஒரே உயரத்தில் வரிசையாக ஒட்டியிருந்தால் சாரம் அங்கேதான் மடியும், மாற்றிமாற்றி ஒட்டியிருக்க வேண்டும்.

இரும்பில் அடித்தட்டு இருக்கிறதா, அதற்குக் கீழே பலகை இருக்கிறதா என்று பாருங்கள். செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்தியிருந்தால் அப்படியே வேலையை நிறுத்துங்கள். எந்தச் சாரமாக இருந்தாலும் கட்டடத்தோடு கட்டு இருக்க வேண்டும். ஜன்னல் கம்பியிலோ தண்ணீர்ப் பைப்பிலோ கட்டியதைக் கட்டு என்று கணக்கில் எடுக்க வேண்டாம்.

நடைபலகை இரண்டு அங்குலம் தடிப்பும், முட்டுக்கு வெளியே அரை அடிக்குக் குறையாமல் ஓரடிக்கு மிகாமல் நீட்டும் இருக்க வேண்டும். குறைந்தால் நழுவும். கூடினால் ஓரத்தில் கால் வைத்தவரோடு பலகை சீசா மாதிரி கவிழும். ஒரு மீட்டர் உயரத்தில் கைப்பிடிக் கம்பு, நடுவில் இன்னொன்று, காலடியில் ஆறு அங்குலப் பலகை. இந்தக் கடைசிப் பலகையை யாரும் போடுவதில்லை. மேலிருந்து செங்கல் துண்டு கீழே இருப்பவர் தலையில் விழாமல் தடுப்பது அதுதான்.

சக்கரச் சாரம் வைத்துப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு ஒன்று: அதன் மேல் ஆள் நிற்கும்போது தள்ளக்கூடாது.

சேஃப்டி பெல்ட் போட்டுவிட்டால் கைப்பிடி வேண்டாமே?

இது பரவலான தப்புக்கணக்கு. கணக்குப் போட்டுக் காட்டுவோம். பெல்ட்டின் கயிறு 1.8 மீட்டர். விழும் வேகத்தை வாங்கிக்கொள்ளும் பை பிரிந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். தரைக்கு மேல் ஒரு மீட்டர் இடைவெளி. கூட்டினால் ஐந்தரை மீட்டர். கொக்கியைக் காலடி மட்டத்தில் மாட்டினால் இன்னும் கூடும். நம் வீட்டு முதல் தளம் மூன்று மீட்டர்தான். பெல்ட் போட்ட ஆள் பெல்ட்டோடு தரையில் விழுவார்.

தாழ்ந்த உயரத்தில் கைப்பிடியும் நல்ல நடைபலகையும்தான் காப்பு. பெல்ட் பயன்படும் உயரத்தில், தலைக்கு மேலே, 1,500 கிலோ தாங்கும் இடத்தில் கொக்கி மாட்ட வேண்டும். கான்கிரீட் தூண் தாங்கும். சாரக் கம்பு தாங்காது. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டுகளைத் தூக்கி எறியுங்கள், விழுந்தவரின் முதுகெலும்பை அவை உடைக்கும்.

தளத்தில் உள்ள ஓட்டைகளைப் பிளைவுட் போட்டு மூடியிருக்கிறோம். போதாதா?

ஆணி அடித்தீர்களா? மேலே எழுதினீர்களா? இல்லையென்றால் திறந்த ஓட்டையைவிட அது மோசம்.

என்ன நடக்கும் என்று பாருங்கள். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் அமைக்கும் வேலை) ஆள் பலகை தேடி வருகிறார். தரையில் நல்ல பிளைவுட் ஒன்று சும்மா கிடக்கிறது. குனிந்து இரண்டு கையாலும் தூக்குகிறார். பலகை முகத்துக்கு நேரே நிற்கிறது, கால் தெரியாது. ஒரு அடி முன்னால் வைக்கிறார். அங்கேதான் ஓட்டை.

மூடியின் அடியில் ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து ஓட்டைக்குள் பொருந்தும்படி செய்யுங்கள், நகராது. மேலே சிவப்புப் பெயிண்டில் "கீழே குழி" என்று எழுதி, பக்கத்திலேயே மண்டை ஓடோ பெருக்கல் குறியோ போடுங்கள். லிப்ட் குழிக்கு மூடி போதாது, ஒவ்வொரு தளத்திலும் வாசலுக்குக் குறுக்கே கம்பி அடைப்பு வேண்டும்.

சென்ட்ரிங்கில் எதைப் பார்ப்பது?

உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே செலவழிக்கலாம், தகும்.

பாரத்தைப் பாருங்கள். 1,000 சதுர அடித் தளம், ஐந்து அங்குலத் தடிப்பு. பச்சைக் கான்கிரீட் மட்டுமே 29 டன். சதுர மீட்டருக்கு 312 கிலோ. ஆட்கள், பலகை, வைப்ரேட்டர் எல்லாம் சேர்த்தால் ஐந்நூறைத் தாண்டும். மீட்டருக்கு ஒரு முட்டு என்றால் ஒவ்வொரு முட்டும் அரை டன். கான்கிரீட்டை ஒரே இடத்தில் இரண்டடி உயரத்துக்குக் கொட்டிக் குவித்தால் அந்த இடத்தில் மட்டும் சதுர மீட்டருக்கு ஒன்றரை டன். முட்டு முறிவது அந்தக் குவியலுக்குக் கீழேதான். பம்ப் வைத்துப் போடும் சைட்டுகளில் குழாய் பிடிப்பவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது கீழே போய் டார்ச் அடித்து ஒவ்வொரு முட்டாகப் பாருங்கள். அடியில் இரண்டு அங்குலப் பலகை இருக்கிறதா, அல்லது புதிதாக நிரப்பிய மண் மேல் நேராக நிற்கிறதா? தரைத்தளத்தில் பேஸ்மெண்ட் மண் நிரப்பியதும் அதன் மேலேயே முட்டு வைப்பார்கள். சுவர் நன்றாக இறுக ஊற்றும் கியூரிங் தண்ணீர் அந்த மண்ணில் இறங்கினால் தளம் போடும் அன்று நடுவில் இரண்டு அங்குலம் அமுங்கும், பாரம் முழுக்க ஓரத்து முட்டுகளுக்குப் போகும்.

இரும்பு ஜாக்கி முட்டுகளில் ஊசியை (உயரத்தைப் பூட்டக் குறுக்கே சொருகும் இரும்பு முள்) பாருங்கள். தொலைந்துபோன ஊசிக்குப் பதில் எட்டு எம்.எம்., பத்து எம்.எம். கம்பித் துண்டைச் சொருகியிருப்பார்கள். அரை டன் பாரத்தில் அது வளைந்து, பிறகு அறுந்து, முட்டு திடீரென்று குறுகிவிடும். ஒரு ஊசிக்கு ஆகும் செலவு ஒரு டீயோடு முடிந்துவிடும் என்பதை மேஸ்திரிக்கு நினைவூட்டுங்கள்.

முட்டு செங்குத்தாக இருக்கிறதா என்பதை நூல்குண்டு விட்டுப் பாருங்கள். உயரம் பத்தடியைத் தாண்டினால் நடுவில் இரண்டு பக்கமும் குறுக்குக் கட்டு வேண்டும். போர்டிகோ, மாடிப்படிக் கூண்டு போன்ற உயரமான இடங்களில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இரண்டு முட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக் கட்டியிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட் போடும்போது அடியில் ஒருவரும் இருக்கக்கூடாது. நிழல் என்று சாப்பிடவும் படுக்கவும் அங்கேதான் போவார்கள். முட்டுகளைக் கவனிக்க ஒருவர் போதும், அவர் ஓரத்தில், வெளியே ஓடும் வழி பின்னால் இருக்க, நிற்க வேண்டும்.

எத்தனை நாளில் பிரிக்கலாம்?

கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 தரநிலை சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குச் சொல்வது: தூண், சுவர்ப் பலகை 16 முதல் 24 மணி நேரம். 4.5 மீட்டர் அகலம் வரை உள்ள தளத்தின் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். நம் பக்கம் அதிகம் வாங்குவது பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்ட். அது மெதுவாகத்தான் பலம் ஏறும், ஆகவே இந்த நாட்களோடு இன்னும் சில நாட்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டு வாடகை கூடுகிறது என்ற பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள்.

தளத்தை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரிப்பார்கள். சன்ஷேடு, பால்கனி போல வெளியே நீட்டிய பகுதியை நுனியிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்க வேண்டும். அதற்கு மேல் சுவர்ப் பாரம் ஏறாத நிலையில் முட்டுகளை எடுத்தால் சன்ஷேடு பின்னால் பிடிப்பில்லாமல் கவிழும். கம்பி மேல்பக்கம் இருக்கிறதா என்பதைக் கான்கிரீட் போடும் முன்பே பார்த்திருக்க வேண்டும். மேலே நடந்து நடந்து கம்பியைக் கீழே மிதித்துவிட்டிருப்பார்கள்.

புதுச் சம்ப்பில் (தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) சென்ட்ரிங் பிரிக்க இறங்கியவர் மயங்கி விழுவது ஏன்? கழிவு எதுவும் இல்லையே?

கழிவே வேண்டாம். மூடிய தொட்டிக்குள் ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் இரண்டு வாரம் கிடந்தால், மரத்தை அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை உண்டுவிடும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் இறங்கக்கூடாது. பத்துக்கும் கீழே போயிருந்தால் ஆள் சீக்கிரமே மயங்கிச் சாய்வார், இன்னும் குறைந்தால் கத்தக்கூட நேரமிருக்காது. மேலே இருப்பவர் பதறி இறங்குவார், அவரும் சாய்வார். செப்டிக் டேங்க் சாவுகள் ஒன்றோடு நிற்காததற்குக் காரணம் இதுதான்.

மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். அது அணைவது 16 சதவீதம் வாக்கில், அதற்கு முன்பே ஆள் தள்ளாடத் தொடங்கிவிடுவார். நச்சுவாயுவை அது காட்டாது. எரிவாயு இருந்தால் வெடிக்கும்.

செய்ய வேண்டியது: எல்லா மூடிகளையும் முந்தைய நாளே திறந்துவையுங்கள். ஊதும் பிளோயரின் குழாயை அடிமட்டம் வரை விட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஆள் உள்ளே இருக்கும்வரை நிறுத்தாதீர்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு நான்கையும் காட்டும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் பாருங்கள். இறங்குபவர் உடல்பெல்ட்டில் கயிறு, அதன் மறுமுனை மேலே முக்காலியில். டீசல் பம்ப்பை உள்ளே இறக்கவே கூடாது, அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோல் ஷெட்டுகளில் கட்டட வேலை எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. தோலிலிருந்து முடி நீக்கச் சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே கால்வாயில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்பது மிக ஆபத்தான பேச்சு. செப்டிக் டேங்க், சாக்கடைக்குள் காப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, கையால் கழிவு அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.

கரண்ட் பாக்ஸில் என்ன பார்ப்பது?

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே அணையும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா. இதைத் தினமும் செய்யலாம், ஒரு நொடி வேலை.

அடுத்து ஒயர். இரண்டு கோர் ஒயரில் எக்ஸ்டென்ஷன் இழுத்திருந்தால் எர்த் கிடையாது. எர்த் இருந்தால் மிஷின் உடம்பில் கசிவு வந்த உடனேயே ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான் விழும், அந்த ஆளின் உடம்பு வழியாகத்தான் அதற்குச் செய்தி போகும். பிளக் இல்லாமல் ஒயர் முனையைச் சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் செருகியிருந்தால் பிடுங்கி எடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள். கியூரிங் தண்ணீர் தேங்கிய தளத்தில் ஒயர் தரையில் கிடக்கக்கூடாது, கொம்பு நட்டு ஆளுயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

வீட்டுக்கு முன்னாலேயே லைன் போகிறது. எவ்வளவு தள்ளி இருந்தால் போதும்?

கட்டடத்துக்கு விதிப்படி குறைந்த அளவு: சாதாரண வீட்டு லைனுக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர். 11,000 வோல்ட் லைனுக்குப் பக்கவாட்டில் 1.2, மேலே 3.7 மீட்டர். இது கட்டி முடித்த சுவருக்குச் சொன்னது. வேலை நடக்கும்போது கையில் 12 மீட்டர் கம்பி இருக்கும், அலுமினிய ஏணி இருக்கும், அகலமான சாரம் இருக்கும். மூன்று மீட்டருக்குள் கம்பியைத் தூக்க வேண்டி வந்தால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து லைனை நிறுத்த வேண்டும், அல்லது மாற்றிப் போடச் சொல்ல வேண்டும். பி.வி.சி. பைப்பைப் பிளந்து லைன் மேல் மாட்டுவது காப்பு ஆகாது, மாட்டப் போகும்போதே உயிர் போகும். கம்பிகளை லைன் இல்லாத பக்கமாக, கயிறு கட்டிப் படுக்கைவாட்டில் ஏற்றுங்கள்.

சித்தாள்கள் ஹெல்மெட் போடுவதில்லை. எப்படிப் போட வைப்பது?

சும்மாடு வைத்துத் தலையில் ஜல்லிச் சட்டி தூக்கும் அக்காவிடம் ஹெல்மெட் போடச் சொல்வது நடக்காத காரியம். தலைச்சுமையைக் குறைக்கத் தள்ளுவண்டியோ மினி லிப்ட்டோ கொண்டுவாருங்கள், பிறகு ஹெல்மெட் தானாக ஏறும். ஐ.எஸ். 2925 முத்திரை இருக்கிறதா, தாடைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மினி லிப்ட்டில் ஆள் ஏறக்கூடாது. மொட்டை மாடியில் வைக்கும் தூக்கு மிஷினின் பின்பாரத்துக்குச் சிமெண்ட் மூட்டை வைக்காதீர்கள், அவசரத்துக்கு யாராவது ஒன்றை எடுத்துப் போய்விடுவார்கள். மணல் மூட்டை வைத்து எண்ணிக்கையைப் பெயிண்டில் எழுதுங்கள்.

கத்திரி வெயிலில் வேலை நேரத்தை மாற்றத்தான் வேண்டுமா?

மே மாத வேலூர் தெரிந்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். காலை 6 முதல் 11, மாலை 3.30 முதல் 6.30. கான்கிரீட்டுக்கும் அதுதான் நல்லது. 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கக் காத்திருக்க வேண்டாம். கூழும் மோரும் இங்கே எல்லாருக்கும் பழக்கம், சைட்டிலேயே ஒரு பானை வையுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான், ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். காலையில் வெறும் டீயோடு வருபவரைச் சாரத்தில் ஏற்றாதீர்கள்.

சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) தாக்கிவிட்டது. 108-ஐக் கூப்பிடுங்கள், அது வரும்வரை கியூரிங் ஹோஸைத் திருப்பி உடம்பு முழுக்கத் தண்ணீர் அடித்து விசிறுங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போய்விடும்.

பீகார், ஒடிசா, வங்காள ஆட்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

தமிழில் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடாது. நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. உருது பேசும் ஓட்டுநரோ எலக்ட்ரீசியனோ சைட்டில் ஒருவராவது இருப்பார், இந்தி தெரிந்தவருக்கு அவர் பேச்சு எட்டும். வங்காளம், ஒடியா மட்டும் பேசுபவருக்கு அவர்கள் செட்டின் தலைவர்தான் வழி. சொன்னதைத் திருப்பிச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தலையாட்டுவதைப் புரிதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆட்கள் தங்கும் ஷெட்டையும் சோதிக்க வேண்டுமா?

கட்டாயம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். ஆகவே படுக்கும் இடத்தின் நான்கு பக்கமும் பாருங்கள்: புதிய மதில், மண் குவியல், தண்ணீர்த் தொட்டி, செங்கல் அடுக்கு எதுவும் அவற்றின் உயரத்துக்குச் சமமான தூரத்துக்குள் இருக்கக்கூடாது. குடும்பத்தோடு தங்கும் சைட்டில் சம்ப் மூடிக்குப் பூட்டு வேண்டும். குழந்தைகள் தண்ணீரைத் தேடிப் போகும்.

கண்டதை எப்படி எழுதுவது? மேஸ்திரி கோபித்துக்கொள்கிறாரே?

"சாரம் சரியில்லை" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். "வடகிழக்கு மூலை, முதல் தளம், வெளிச்சாரத்தில் கைப்பிடிக் கம்பு இரண்டு இல்லை. பூச்சு செட் பொறுப்பு. காலை 9 மணிக்குள். அதுவரை அந்தப் பக்கம் ஏறக்கூடாது" என்று எழுதுங்கள். போட்டோ எடுங்கள், சரிசெய்த பிறகும் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள்.

மேஸ்திரியை ஆட்கள் முன்னால் அதட்டாதீர்கள். "அண்ணா, நேத்து மழைக்கு அப்புறம் இந்தக் கட்டு எல்லாம் இறுக்கினீங்களா? வாங்க, ஒருவாட்டி சேர்ந்து பார்த்துடலாம்" என்றால் அவரே முன்னால் நடப்பார், நீங்கள் பார்க்காத இரண்டையும் காட்டுவார். ஆனால் குழி விரிசல், முட்டு ஊசி, தொட்டிக் காற்று மூன்றிலும் பேரம் கிடையாது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் பேச்சு.

சின்ன சைட்டுக்குச் சட்டம் பொருந்துமா?

1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் 10 பேர் என்று கோடு போட்டது. அதை உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். மண் சரிவு ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு வருவதில்லை என்பதால் ஒன்பது பேர் சைட்டுக்கும் இங்கே சொன்ன சோதனைகள் வேண்டும். ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டுவையுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

கரண்ட் என்றால் முதலில் மெயினை அணையுங்கள், ஆளைத் தொடாதீர்கள். உயரத்திலிருந்து விழுந்தவரை உட்காரவைக்கவோ தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். கழுத்தும் முதுகும் அசையாமல் தலையை இரு கையாலும் பிடித்தபடி ஒருவர் இருக்கட்டும். ஆட்டோவில் மடித்துப் போட்டுக் கொண்டுபோகும்போதுதான் உடைந்த முதுகெலும்பு தண்டுவடத்தை நசுக்குகிறது. ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்த வேண்டும்.

108-க்குப் பேசும்போது தெருப் பெயர் தெரியாமல் தடுமாறுவார்கள். சைட் முகவரி, அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளி, இறங்க வேண்டிய பஸ் ஸ்டாப் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி கரண்ட் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இந்தியிலும் ஒரு வரி எழுதுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையா, சி.எம்.சி.யா, உங்கள் சைட்டிலிருந்து எது பக்கம் என்பதையும் அதே அட்டையில் குறித்துவிட்டு, ஒரு ஆளைத் தெருமுனைக்கு அனுப்பி ஆம்புலன்ஸுக்குக் கைகாட்ட நிறுத்துங்கள்.